மழபாடிக்குப் போன வழி

திருமானூரிலிருந்து மேற்கே, கொள்ளிடத்தின் வடகரையைப் பார்த்துப் போகிறவர்கள் ஊர்ப்பலகைகளை விடாமல் படிக்க வேண்டும். இந்தப் பக்கத்துப் பெயர்கள் எல்லாமே நின்று கேட்க வைப்பவை. ஏலாக்குறிச்சி, கரைவெட்டி, பழுவூர், கண்டராதித்தம். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்துக் கலம்பகமே பாடினார் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர். கரைவெட்டி ஏரி 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் சேர்ந்து, அதன் பெயர் இப்போது உலக வரைபடத்தில் இருக்கிறது. ஆனால் எனக்குப் பல வருஷமாக மனசில் கிடந்த பெயர் திருமழபாடி. அதென்ன மழபாடி? மழை பாடியதா, மழு ஆடியதா, மழவர் தங்கியதா?

மாசி மாதம். சம்பா அறுத்த வயல்களில் உளுந்து பச்சை கட்டியிருந்தது. அந்தப் பக்கம் போய்விட்டுக் கண்டராதித்தத்தைப் பார்க்காமல் வரக்கூடாது. ஊருக்கு ஒரு சோழ அரசரின் பெயர். சிதம்பரத்துக் கூத்தனைத் திருவிசைப்பாவில் பாடிய கண்டராதித்தர் அவர். அங்கிருக்கும் பெரிய ஏரிக்கு அவருடைய அரசியின் பெயர், செம்பியன் மாதேவிப் பேரேரி. கணவர் பெயரில் ஊர், மனைவி பெயரில் ஏரி. ஆயிரம் வருஷத்துக்கு மேலாகியும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கரைமேல் நின்று பார்த்தால் எதிர்க்கரை தெரியக் கண்ணை இடுக்க வேண்டியிருக்கிறது. அந்த அம்மையார் செங்கல் கோயில்களைக் கருங்கல்லாக்கியதைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். இந்த ஏரியைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. கோயிலைவிட ஏரிதான் எத்தனை வயிற்றுக்குச் சோறு போட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

கல்வெட்டுகள் செம்பியன் மாதேவியை மழவரையர் மகள் என்று சொல்கின்றன. அதை இங்கே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

மழபாடியில் ஆறு திரும்புகிறது. கிழக்கு நோக்கியே போகும் கொள்ளிடம் இந்த ஊரருகே சற்று வடக்கே வளைகிறது. ஆறு வடக்கு முகமாக ஓடும் இடம் விசேஷம் என்று நம்முடைய பெரியவர்கள் வைத்திருக்கிறார்கள், காசியில் கங்கையைப் போல. நான் போன அன்று ஒரு ஓரமாக மட்டும் தண்ணீர், மீதியெல்லாம் மணல். மேட்டூர் நிறைந்து முக்கொம்பில் திறந்துவிடும் நாட்களில் இதே இடத்தில் நின்றால் எதிர்க்கரையை நம்ப முடியாது.

கோயில் வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த ஆயாவிடம் கேட்டேன்.

"ஊருக்கு ஏன் ஆயா மழபாடின்னு பேரு?"

"சாமி கையில மழுவ வச்சிக்கிட்டு ஆடுன ஊருய்யா. மார்க்கண்டேயருக்கு ஆடிக் காட்டுச்சு. மழுவாடி மழுவாடின்னு இருந்தது, சொல்லிச் சொல்லி மழபாடி ஆயிடுச்சு."

கை நிற்கவில்லை, சரத்தில் அடுத்த முடிச்சு விழுந்துகொண்டே இருந்தது. தலபுராணம் சொல்வதும் இதுதான். கல்வெட்டுகளில் வாடி என்று முடியும் வடிவமும் இருப்பதால், ஆயா சொன்னதைக் கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

ஆனாலும் நான் மழவர் பக்கம்தான். பாடி என்றால் படை தங்கிய இடம். மழவர் சங்க காலத்திலிருந்தே பேர்போன வீரக்குடி. கொல்லிமலை ஓரியை மழவர் தலைவன் என்கிறது நற்றிணை. மழ என்றால் இளமை என்று தொல்காப்பியம் சொல்கிறது. மழலையிலும் அந்த இளமைதான் இருக்கிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே இருந்த நாட்டுக்கு மழநாடு என்று பெயர். பிற்காலத்தில் அரியலூரை ஆண்ட பாளையக்காரர்கள் மழவராயர் என்றே பட்டம் சூடினார்கள். செம்பியன் மாதேவி மழவரையர் மகள் என்றேனே, அவர் பெயர் தாங்கிய ஏரி மழபாடிக்கு இத்தனை அருகில் கிடப்பதைப் பார்த்தபின் எனக்குச் சந்தேகமே இல்லை. பிறந்த வீட்டுச் சீமை அது.

உள்ளே வைத்தியநாதர், சுந்தராம்பிகை. நந்திக்கு அருகே தரைக் கல்லில் குழிகள் இருக்கின்றன. நவக்கிரகங்கள் இங்கே சிலையாக இல்லை, குழியாகத்தான் இருக்கின்றன. விளக்கு அவற்றில்தான் ஏற்றுகிறார்கள். எண்ணெய் ஊறி ஊறிக் குழியின் விளிம்பு கறுத்து, தொட்டால் வழவழவென்று இருக்கிறது.

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது கருவறையின் வெளிச்சுவர். முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் இந்த விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டச் சொன்னான். பிரிக்கும் முன் சுவரில் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளவும் உத்தரவிட்டான். வேலை முடிந்த பின், மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆண்டில், 1026இல், அந்தப் படியைப் பார்த்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். யாரோ ஒருவர் விளக்குக்காகக் கொடுத்த ஆடு, யாரோ எழுதி வைத்த நிலம், அந்தக் கொடையெல்லாம் தொலைந்துவிடக் கூடாது என்று ஒரு பேரரசு கவலைப்பட்டிருக்கிறது. இன்றைக்குத் திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டின் மேலேயே மணல் பீச்சியும் வண்ணம் அடித்தும் அழிக்கிற இடங்களைப் பார்த்து வயிறெரிந்தவன் நான். அந்த வேலையைக் கையில் எடுப்பவர்களை முதலில் ஒரு நாள் இந்தச் சுவர் முன்னால் நிறுத்த வேண்டும்.

மூவரும் பாடிய தலம் இது. சம்பந்தர் மூன்று, அப்பர் இரண்டு, சுந்தரர் ஒன்று. அந்த ஒன்றுதான் தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த பொன்னார் மேனியன் பதிகம். சுந்தரர் காவிரியின் தென்கரையில் திருவாலம்பொழிலில் தூங்கிக்கொண்டிருந்தபோது, மழபாடிக்கு வர மறந்தாயோ என்று சாமி கனவில் கேட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. எழுந்து ஆற்றைக் கடந்து வந்து பாடினார். பதிகத்தை மனப்பாடமாகச் சொல்கிற பலருக்கு அதில் வரும் மழபாடி எங்கே இருக்கிறது என்று தெரியாது. திருமானூரிலிருந்து சிறிது தூரம்தான்.

இந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதப் போனால் ழகரம் லகரமாகிவிடுகிறது. பழைய ஆவணங்களில் திருமலவாடி என்று படிக்கிற மாதிரி எழுதியிருப்பார்கள். ஏதோ மலையூர் என்று வெளியூர்க்காரர் நினைத்துக்கொள்வார். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் திருத்தி ஆணை போட்டது. சில நாளிலேயே திரும்பப் பெற்றது. அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் டிங்கிள் என்று ஓர் ஊர். 2005இல் அங்கேயும் ஐரியப் பெயர் மட்டும்தான் செல்லும் என்று அரசு சொன்னது. ஊர்க்காரர்கள் கொதித்து, 2006இல் தாங்களே வாக்குப் போட்டு, வெளியுலகம் அறிந்த பெயரும் முழு ஐரியப் பெயரும் சேர்ந்து வேண்டும் என்றார்கள். 2011இல்தான் சட்டத்தின் வழியாக டிங்கிள் திரும்பி வந்தது. பெயரைத் திருத்துமுன் ஊரில் போய்க் கேட்க வேண்டும் என்பதில் நான் அந்த ஊர்க்காரர்களோடு நிற்கிறேன். அதே நேரம், மழபாடியின் ழகரத்தை ஒழுங்காக உச்சரிக்கும் பிள்ளைகள் இந்த ஊர்ப் பள்ளியிலிருந்து வர வேண்டும் என்றும் ஆசைப்படுகிறேன்.

பங்குனியில் புனர்பூசத்தன்று இங்கே நந்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு திருவையாறு. ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் பையனைப் பெற்றவர்கள்போல நந்தியெம்பெருமானை அழைத்துக்கொண்டு, வாணமும் மேளமுமாய்க் கொள்ளிடத்தைத் தாண்டி வருவார்கள். வெட்டிவேர் அலங்காரத்தில் பல்லக்கு மணக்கும். பெண், சுயசாம்பிகை. சீர்த்தட்டு, மாலை மாற்றல், தாலி கட்டு என்று வீட்டுக் கல்யாணத்தில் உள்ள எதுவும் குறைவதில்லை. 'நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்' என்பது இந்த ஆற்றின் இரண்டு கரையிலும் புழங்கும் சொலவடை. அதனால் கூட்டத்தில் ஜாதகத்தோடு வந்த பெற்றோர்கள் நிறையத் தெரிவார்கள் என்று ஆயா சொன்னார். தங்க வேண்டுமென்றால் திருவையாற்றிலோ அரியலூரிலோ இடம் பார்த்துக்கொள்ளுங்கள். ஊர் சின்னது, அன்றைக்கு நிற்கவே இடம் போதாது.

நான் கிளம்பியபோது ஆயா இன்னும் ஒரு முழம் பூவைக் கூடுதலாகப் பையில் போட்டார்.

"அடுத்த மாசம் கல்யாணத்துக்கு வந்துடு தம்பி. வீட்டுல கல்யாணத்துக்கு யாரும் நிக்குதா? இருந்தா அதையும் கையோட கூட்டியா."