முதலிட மாவட்டத்தில் ஒரு நடுத்தர மாணவன்

எங்கள் பகுதியின் பெயரை அண்மைக் காலமாக நாளிதழ்களில் நீங்கள் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். 2023-இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் 97.67 விழுக்காடு பெற்றுப் பெரம்பலூர் மாவட்டம் மாநிலத்தில் முதலிடம். 2024-இல் அதே தேர்வில் அரியலூர் முதலிடம். 2025-இல் பன்னிரண்டாம் வகுப்பிலும் 98.82 விழுக்காட்டுடன் அரியலூரே முதலிடம். வறண்ட பூமி, பின்தங்கிய பூமி என்று மட்டுமே பேசப்பட்டு வந்த இவ்விரு மாவட்டங்களுக்கும் இது பெருமைதான். உழைத்த ஆசிரியர்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆயினும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் தேறுகின்ற ஊரில், "என் மகன் தேறிவிட்டான்" என்பது ஒரு செய்தியாகவே இல்லாமல் போய்விட்டது.

இதே அரியலூர் மாவட்டத்துக் குழுமூரில்தான் 1200-க்கு 1176 மதிப்பெண் பெற்ற அனிதா, மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காமல் 2017-ஆம் ஆண்டு மறைந்தார். மதிப்பெண் என்பது எங்கள் பகுதியில் விளையாட்டுப் பேச்சன்று என்பதை இந்நாடே அறிந்தது அப்போதுதான். முதல் வரிசையில் நின்ற பிள்ளையின் துயரை உலகம் அறிந்தது. நடு வரிசையில் நிற்கும் பிள்ளையின் துயரை யார் அறிவார்? அவன் பெயரைப் பள்ளிக்கூடத்தாரே சரியாக நினைவில் வைத்திருப்பதில்லை.

நான் மதரஸாவில் ஓதிக் கொடுப்பவன். வரலாற்றில் பி.ஏ. பட்டமும் பெற்றவன் என்பதால், மே மாதம் பிறந்துவிட்டால் மஃரிபுக்குப் பின் பிள்ளைகளோடு அவர்களுடைய தாய்மார்களும் மதிப்பெண் பட்டியலைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். தகப்பன்மார்களில் பாதிப்பேர் துபாயிலும் ஷார்ஜாவிலும் இருப்பவர்கள். லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. முடிவு தொலைபேசி வழியாகத்தான் எடுக்கப்படுகிறது. எடுத்த முடிவைச் சுமப்பவர்கள் தாயும் பிள்ளையும்.

2024 மே மாதம் அப்படி வந்தவர் ஒரு தாய். மகன் படித்தது பெயர்பெற்ற ஒரு மெட்ரிக் பள்ளியில். மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. பள்ளி வாசல்களில் ஃபிளெக்ஸ் பலகைகள் மட்டும் நின்றபாடில்லை. பையனின் மதிப்பெண் 600-க்கு 438. பலகையில் படம் வராத மதிப்பெண். முடிவு வந்த நாளிலிருந்து அவன் தெருவில் இறங்கவில்லை, ஜமாஅத்துத் தொழுகைக்குக்கூடப் பின்வாசல் சந்து வழியாகத்தான் வருகிறான் என்று சொல்லி அந்தத் தாய் கண் கலங்கினார்.

அதற்குள் ஒரு தரகர் வீட்டுக்கு வந்து போயிருந்தார். கணினிப் பொறியியலில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம், ஐம்பதாயிரம் முன்பணம், அசல் சான்றிதழ்களை இன்றே கொடுத்துவிட வேண்டும். "நாளைக்கு இந்த இடம் இருக்காது" என்ற மிரட்டல் வேறு. வளையலை அடகு வைக்கலாமா என்பதுதான் அந்தத் தாய் என்னிடம் கேட்க வந்த கேள்வி.

"தாயே, சான்றிதழை மட்டும் கையை விட்டுக் கொடுத்துவிடாதீர்கள்" என்றேன் முதலில். மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் தெளிவாகவே அறிவித்திருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். இன்னொன்றும் சொன்னேன். குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குக் கிடைக்கும் கல்விக் கட்டணச் சலுகை, அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. தரகர் இதைச் சொல்லவில்லை. அவர் ஏன் சொல்லப் போகிறார்?

பிறகு பட்டியலை வாங்கிப் பார்த்தேன். கணிதம் 72, இயற்பியல் 68, வேதியியல் 70. பொறியியல் கலந்தாய்வில் கணிதம் முழுதாகவும் மற்ற இரண்டும் பாதியாகவும் கணக்கிடப்படும். ஆக, 72-உம் 34-உம் 35-உம் சேர்ந்து 200-க்கு 141. கிண்டிக் கல்லூரிக்கு இது போதாது. ஆனால் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் உள்ள, ஆண்டுதோறும் பல்லாயிரம் இடங்கள் காலியாகக் கிடக்கின்ற தமிழ்நாட்டில், இந்த மதிப்பெண்ணுக்கு ஓர் இடத்தைப் பணம் கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் எங்கே இருக்கிறது?

வாசகர்களே, இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். அந்தப் பையன் தன்னை அளந்து பார்த்தது பள்ளிக்கூடத்து அளவுகோலால். ஐநூற்றைம்பதுக்கு மேல் எடுத்தவர்கள் சூழ்ந்த வகுப்பில் 438 கடைசி வரிசை. கலந்தாய்வோ மாநிலம் முழுவதையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. அந்த வரிசையில் அவனுக்குப் பின்னால் பெருங்கூட்டம் நிற்கிறது. போட்டி மிகுந்த பள்ளியில் படிக்கும் நடுத்தரப் பிள்ளைக்கு நேரும் பெரிய அநியாயம் இதுவே. தன்னைவிடக் கெட்டிக்காரர்களை மட்டுமே பார்த்துப் பார்த்து, தான் எதற்கும் உதவாதவன் என்று அவன் நம்பிவிடுகிறான்.

மறுநாள் பையனை அழைத்துவரச் சொன்னேன். எது பிடிக்கும் என்று கேட்டால் இந்த வயதுப் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய் என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சட்டைப்பையிலிருந்து ஒரு கல்லை எடுத்தான். ஆட்டுக்கிடாவின் கொம்புபோலச் சுருண்ட கல். அரியலூர்ப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போனபோது ஓடைக்கரையில் கிடைத்ததாம். வீட்டில் இன்னும் ஒரு தகரப்பெட்டி நிறைய இருக்கிறதாம். வாரணவாசி அருங்காட்சியகத்துக்கு மூன்று முறை போயிருக்கிறான். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர்க் கல்மரத்தின் நீளம் பதினெட்டு மீட்டருக்கும் மேல் என்று எனக்கே பாடம் சொன்னான்.

நம் காலடியில் கிடப்பது சாதாரண மண்ணன்று. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் கொண்டிருந்த நிலம் இது. அரியலூர் என்ற பெயரையே ஒரு பாறைத் தொகுதிக்குப் பெயராக நிலவியல் அறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சூட்டினார்கள். சாத்தனூர்க் கல்மரத்தை 1940-இல் உலகுக்கு எடுத்துச் சொன்ன எம்.எஸ். கிருஷ்ணன், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநராக உயர்ந்தவர். சிமெண்டு ஆலைகள் இங்கே வரிசையாக நிற்பதற்குக் காரணமான சுண்ணாம்புக்கல்லும் அந்தப் பழங்கடலின் மிச்சமே. இத்தனையும் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, எங்கள் பிள்ளைகள் அனைவரும் ஒரே கணினிப் படிப்பின் வாசலில் முண்டியடிக்கிறார்கள்.

திருச்சி நேஷனல் கல்லூரியில் நிலவியல் பட்டப்படிப்பு இருக்கிறது. 1919-இல் தொடங்கிய, அரசு உதவி பெறும் கல்லூரி. அதைச் சொன்னபோது பையனின் முகத்தில் வந்த வெளிச்சத்தை அந்தத் தாயும் பார்த்தார். ஆனால் ஷார்ஜாவிலிருந்து தகப்பனார், "நான் இங்கே வெயிலில் காய்வது என் மகனைக் கல்லுடைக்க அனுப்பவா, ஹஜ்ரத்?" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். பதினாறு ஆண்டுகள் கட்டுமானப் பணியில் கழித்தவரின் கேள்வி அது. அதை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன்: மூன்றாண்டுப் பட்டத்தோடு நின்றால் நல்ல வேலை கடினம், மேலும் இரண்டாண்டு முதுகலை படிக்க வேண்டும், படித்தால் சுரங்கம், நிலத்தடி நீர், மத்திய அரசின் புவியறிவியலாளர் தேர்வு என்று வழிகள் உண்டு. பொறியியலுக்கு நான்கு ஆண்டு, இதற்கு ஐந்து. செலவோ தரகர் கேட்டதில் சிறு பங்கு.

இஸ்திகாரா தொழுகிறேன் என்றார் தாய். தொழுங்கள், ஆனால் மஷ்வராவையும் விடாதீர்கள் என்றேன். பொறியியல் கலந்தாய்வுக்கும் பதிவு செய்யச் சொன்னேன். கல்லூரியிலும் விண்ணப்பம் போடச் சொன்னேன். பாலக்கரையில் உறவினர் வீட்டில் தங்க இடம் கிடைத்தது. இரண்டு வாரம் பேசாதிருந்த தகப்பனார், கடைசியில் கட்டணத்தை அனுப்பி வைத்தார். "பாதியில் விட்டுவிட்டு வரக்கூடாது" என்பது மட்டும் நிபந்தனை. முதல் பருவத்தில் வேதியியல் தாள் ஒன்று நின்றது. அடுத்த பருவத்தில் எழுதித் தேறினான்.

எல்லாப் பிள்ளையின் பையிலும் கல் இருக்காது என்பதும் உண்மை. அப்படிப்பட்டவர்களின் பெற்றோருக்கு நான் வேறு விதமாகச் சொல்வது வழக்கம். ஜமால் முகம்மது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் 1951-இல் திருச்சியில் எழுப்பிய ஜமால் முகம்மது கல்லூரி நமக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கு அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் உண்டு. கட்டணம் வேறு, பட்டம் ஒன்றே. விண்ணப்பிக்கும்போது எந்தப் பிரிவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெண் பிள்ளையை வெளியூர் அனுப்பத் தயங்குவோருக்குக் குரும்பலூரிலும் வேப்பந்தட்டையிலும் அரசுக் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் வந்தது. கேட்டுப் பெறாதவர்கள் நம்மில்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உண்மையில் கல்லூரியைத் தேர்வு செய்யும் வேலை பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. கணக்கில் தடுமாறும் பிள்ளையைக் கௌரவத்துக்காக முதல் பிரிவில் தள்ளுகிறோம். வணிகவியல் என்றால் மட்டம் என்று ஒரு நினைப்பு. கடைவீதியிலே தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்தவர்கள் கணக்குப் பதிவியலை மட்டம் என்று சொல்வது எனக்கு இன்றுவரை விளங்காத விந்தை!

அந்தப் பையனின் தங்கை இப்போது பத்தாம் வகுப்பு. சென்ற வாரம் அவளே என்னிடம் வந்து, "ஹஜ்ரத், நான் மூன்றாம் பிரிவு எடுக்கப் போகிறேன், அத்தாவிடம் நீங்கள் சொல்லுங்கள்" என்றாள். நீயே முதலில் சொல்லிப் பார், பிறகு நான் பேசுகிறேன் என்று அனுப்பியிருக்கிறேன்.