கத்திப்பாராவில் ராஜா... ரங்கநாதன் தெருவில்?

பாஸ், உங்க மொபைல் வால்பேப்பர்ல இருக்கிறது ஹீரோயினா, பைக்கா? பைக்னா, முன்னாடி குனிஞ்சு, பின்னாடி தூக்கி, பாய ரெடியா நிக்கிற வெட்டுக்கிளி மாதிரி ஒண்ணுதானே? அப்போ இது உங்களுக்கான பக்கம். பெரியப்பா பையனோட யமஹா ஆர்15-ஐக் கெஞ்சி வாங்கி நாலு நாள் சென்னையைச் சுற்றினேன். ரேஸ் டிராக்கில் இது எப்படிப் பறக்கும்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. தாம்பரத்திலிருந்து தினமும் சிட்டிக்குள்ள போய்வர இது ஒத்துவருமா? அதுதான் நம்ம கேள்வி.

முதல்ல ஜாதகம். 155 சிசி, லிக்விட் கூல்டு இன்ஜின். 10,000 ஆர்பிஎம்மில் 18.4 பிஎஸ் பவர். ஆறு கியர். 11 லிட்டர் டேங்க். சீட் உயரம் 815 மில்லிமீட்டர். உங்க உயரம் அஞ்சரை அடிக்குக் கீழேன்னா சிக்னலில் நுனிக்கால்தான் தரையைத் தொடும். எடை 140 கிலோ சொச்சம். கேட்க பயமா இருந்தாலும், நகர ஆரம்பிச்சதும் அந்த எடை எங்கே போச்சுன்னே தெரியாது.

ஜிஎஸ்டி ரோடு!

காலை ஆறரை மணி. குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டி மீனம்பாக்கம் வந்தா ரோடு கொஞ்சம் மூச்சு விடும். அங்கே இந்த வண்டியின் குணம் புரியும். வளைவில் லேசா சாய்ச்சா, கோடு போட்ட மாதிரி போகுது. கத்திப்பாரா லூப்பில் திரும்பும்போது ஹெல்மெட்டுக்குள்ள தானா ஒரு சிரிப்பு வருது. அந்த மேம்பாலம் முழுசா திறந்ததும் 2008-ல்தான், முதல் ஆர்15 இந்தியாவுக்கு வந்ததும் 2008-ல்தான். ரெண்டுக்கும் ஜோடிப் பொருத்தம் ஜோர்!

ஆனா ஒரு இன்ஜினீயரிங் கணக்கு. இந்த இன்ஜினில் விவிஏ-ன்னு ஒரு வித்தை இருக்கு. 7,400 ஆர்பிஎம்மில் வால்வைத் திறக்கிற கேம் மாறி, இன்னும் அதிகமா காற்றை உள்ளே விடும். அதுக்கு மேலேதான் நிஜமான ஆட்டமே. சென்னை போலீஸ் 2023 நவம்பரில் டூவீலருக்கு வெச்ச வேக வரம்பு 50 கிலோமீட்டர். குடியிருப்புத் தெருக்களில் 30. ஆறாவது கியரில் 50-ல் போனா இன்ஜின் சுற்றுறது சுமார் 4,000 ஆர்பிஎம். நாலாவது கியரில்கூட 5,000 சொச்சம். அதாவது, நீங்க காசு கொடுத்து வாங்குற அந்த வித்தை, சிக்னல் விழுந்ததும் முதல் ரெண்டு கியரில் சில நொடி தலைகாட்டிட்டுப் போயிடும். மீதி நேரமெல்லாம் இது ஒரு சாதுவான 155 சிசி வண்டி. விவிஏவை தினமும் பார்த்தே தீருவேன்னு அடம்பிடிச்சா, நீங்க மீறுறது வேக வரம்பை. எதிர்ல வர்றது ஷேர் ஆட்டோ. யோசிச்சுக்கங்க.

சைதாப்பேட்டை முதல் தேனாம்பேட்டை வரை!

ஒன்பது மணிக்கு அண்ணா சாலை எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். இடது பக்கம் மாநகரப் பேருந்து, வலது பக்கம் கால் டாக்ஸி, நடுவில் நாம. ஹேண்டில்பார் தாழ்வா இருக்கிறதால உடம்போட பாரம் மணிக்கட்டில் இறங்கும். வேகமா போனா எதிர்காற்று நெஞ்சைத் தாங்கிப் பாரத்தைக் குறைக்கும். ஊர்ந்து போற டிராஃபிக்கில் காற்றேது? நந்தனம் வர்றதுக்குள்ள உள்ளங்கை 'ஐயா, விட்டுடு'ன்னு கெஞ்சுது. ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிச்சா முழங்காலுக்கு இலவச வெந்நீர் ஒத்தடம்!

பாராட்ட வேண்டியதும் இருக்கு. கிளட்ச் வெண்ணெய். அசிஸ்ட் அண்ட் ஸ்லிப்பர் கிளட்ச்சுங்கிறதால லீவரைப் பிடிக்க ஒரு விரல், ரெண்டு விரலே போதும். நூறு தடவை பிடிச்சு விட்டும் இடது கை வலிக்கலை. பிரேக், ஏபிஎஸ் ரெண்டும் நம்பிக்கையானவை. குறுக்கே ஓடிவந்த ஒரு நாய் அதுக்கு சாட்சி. மைலேஜும் லிட்டருக்கு நாற்பதைத் தாண்டி வந்துச்சு.

ரங்கநாதன் தெரு!

தி.நகரில் ராஜா கொஞ்சம் தடுமாறுறார். ஹேண்டில்பார் அதிகம் திரும்பாது. இன்னும் திரும்பினா டேங்கில் இடிக்கும், அதனால அப்படி டிசைன். ஸ்கூட்டி ஓட்டுற அக்கா ஒரே வளைப்பில் எடுக்கிற யூ டர்னை நாம முன்னே பின்னே தள்ளி மூணு தவணையில் எடுக்கணும். பின்னாடி ஹாரன் கச்சேரி. காய்கறிப் பையை மாட்ட கொக்கி கிடையாது. மளிகை, டிஃபன் பாக்ஸ் எல்லாம் முதுகில்தான்.

இப்போ முக்கியமான விஷயம், பின் சீட்!

2008-ல் வந்த முதல் ஆர்15-ல் ஒரே நீள சீட். 2011 மாடலில் அது ரெண்டா பிரிஞ்சு, பின் சீட் மேலே ஏறிடுச்சு. இப்பவும் அப்படித்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி. மாசம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். மூணாவது நாள் அந்த முறை வந்துச்சு. புடவையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கையை என் தோளில் வெச்சு ஏறிப் பார்த்தாங்க. கால் தூக்க முடியலை. வாசல் திண்டில் நின்னு இன்னொரு தடவை. ஊஹூம். "நீ முன்னாடி போப்பா, நான் பஸ்ஸுல வர்றேன்"னாங்க. கோபமே இல்லாத குரல். இந்த ஒரு வாக்கியம் எந்த ஸ்பெக் ஷீட்டிலும் இல்லை.

நம்மில் நிறையப் பேர் வீட்டில் ரெண்டாவது வண்டி கிடையாது. வாங்கப்போற ஒரே வண்டிதான் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, தங்கச்சிக்கு டியூஷன், அப்பாவுக்கு ரயில்வே ஸ்டேஷன். கணக்கும் போட்டுடுவோம். ஒன்றரை லட்சம் லோன், மூணு வருஷம், 12 சதவிகித வட்டின்னா மாசத் தவணை கிட்டத்தட்ட 5,000 ரூபாய். தினம் 30 கிலோமீட்டர் ஓட்டினா பெட்ரோலுக்கு மாசம் 2,000 ரூபாய் தனி. படிக்கிற நமக்காக அதைக் கட்டப்போறது யாருன்னு உங்களுக்கே தெரியும்.

தீர்ப்பு?

தனியா போறவரா, கையில் சம்பளம் வருதா, வீட்டில் ஏற்கெனவே ஒரு ஸ்கூட்டர் நிக்குதா? கண்ணை மூடிட்டு வாங்குங்க. கத்திப்பாரா உங்களுக்குத்தான். மணிக்கட்டு மட்டும்தான் பிரச்னைன்னா, இதே 155 சிசி இன்ஜினோட நிமிர்ந்து உட்கார்ற எம்டி-15 இருக்கு. ஆனா அதிலும் பின் சீட் சின்னதுதான். வீட்டுக்கே ஒரே வண்டின்னா, இன்னும் ரெண்டு வருஷம் வால்பேப்பரிலேயே இருக்கட்டும். வேலைக்குப் போனதும் நம்ம காசில் வாங்கினா அதோட சவுண்டே வேற!

எதுக்கும், டெஸ்ட் ரைடுக்குப் போறப்ப ஃப்ரெண்டைக் கூட்டிட்டுப் போகாதீங்க. தினமும் உங்க பின்னாடி உட்காரப்போறவங்களைக் கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்கும் ஒரு ஹெல்மெட்டோட!