சொந்தக் கைகளால் கட்டிய சிறு விமானத்தில் காற்றோட்டம்

அமெரிக்காவில் சொந்தமாக விமானம் கட்டிப் பறப்போர், வீட்டுக் கார் கொட்டகைகளிலும் சிறு விமான நிலையங்களின் ஹேங்கர்களிலும் மாலை நேரங்களையும் விடுமுறைகளையும் செலவிட்டுப் பல ஆண்டுகளில் ஒரு விமானத்தை முடிக்கின்றனர். கட்டுமான வேலையில் பெரும்பகுதியைக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தனியாட்களே செய்திருந்தால், அவ்விமானத்தைச் ‘சோதனை வகை’யில் பறக்க அந்நாட்டு விதி இடமளிக்கிறது. ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் 1973இல் தொடங்கிய வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம், ஓரிகன் மாநிலத்து அரோராவிலிருந்து பாகத் தொகுப்புகளாக விற்கும் ஆர்.வி. வரிசை விமானங்கள் இவ்வகையில் பெருவழக்கானவை. இவற்றைக் கட்டி முடித்தவர்கள், முதல் கோடையில் பறந்து இறங்கியதும், எஞ்சினை விட்டுவிட்டு விமானி அறையின் வெக்கையைப் பற்றிப் பேசத் தொடங்குவது வழக்கம்.

வெக்கைக்கு முதற்காரணம், இவ்விமானங்களின் அழகுக்கும் காரணமான அக்ரிலிக் மூடிதான். தெளிந்த நண்பகலில் தரைமட்டத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் அளவில் விழும் வெயில், மூடியைக் கடந்து இருக்கையையும் கருவிப் பலகையையும் சூடாக்க, அச்சூடு அறைக்குள்ளேயே தேங்குகிறது. உயரம் கூடக் கூட, ஒவ்வொரு 1000 அடிக்கும் வெளிவெப்பம் ஏறத்தாழ 2 பாகை செல்சியஸ் குறைவதால், மேலே போய்விட்டால் தொல்லை தணியும். தாழப் பறக்கும்போதும் தரையில் உருண்டு செல்லும்போதுமே அது மிகும். ஆனால் எதிர்காற்றின் அழுத்தம் வேகத்தின் இருபடிக்கு ஏற்பக் கூடுவது: மணிக்கு 200 கிலோமீட்டரில் சுமார் 19 சென்டிமீட்டர் நீர்மட்டத்துக்கு நிகரான அழுத்தம், 30 கிலோமீட்டரில் அரை சென்டிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. காற்று மிகுதியாக வேண்டியிருக்கும் நேரத்தில் எந்தத் துளையும் உதவாது என்பதால், தரையில் மூடியைச் சற்றே திறந்து வைத்து, சுழலி தள்ளும் காற்றை வாங்கிக்கொள்வதே இன்றும் நடைமுறை.

பறக்கும்போது காற்றை உள்ளே கொணர, விமான உடலின் பக்கத் தகட்டில் நாக்கா நுழைவாய் அமைக்கப்படுகிறது. இது வெளியே துருத்தாமல் தகட்டுக்குள் பதிந்த சரிவான பள்ளம். நாசாவுக்கு முன்னிருந்த தேசிய வானூர்தியியல் ஆலோசனைக் குழு (நாக்கா) இதை 1940களில் ஆராய்ந்து உருவாக்கியது. அதன் சரிவு ஏறத்தாழ 7 பாகை மட்டுமே. வளைந்து விரியும் பக்கச் சுவர்களின் கூரிய விளிம்புகளில் எழும் இரு சுழல்கள், தகட்டை ஒட்டி மந்தமாக நகரும் எல்லைப்படலத்தை விலக்கி, வேகக் காற்றை உள்ளே இறக்குகின்றன. குறுகிய முனை முன்னோக்கி இருக்க வேண்டும். பார்வைக்கு இது தலைகீழாகத் தோன்றுவதால், அகன்ற வாயை எதிர்காற்றுக்குக் காட்டிப் பொருத்திவிடுவோரும் உண்டு.

நுழைவாயைப் பெரிதாக்கியும் காற்று வரவில்லை என்ற முறையீடு எழும் இடத்தில்தான் இக்கைவினையின் நுட்பம் தொடங்குகிறது. உள்ளே வரும் காற்றுக்கு வெளியேற வழி இல்லையெனில் அறையின் அழுத்தம் சற்றே ஏறி, வரவு அதனோடு நின்றுவிடும். இதற்கு எதிரான நிலையும் உண்டு: வளைந்த மூடியின் மேல் காற்று விரைவதால் அங்கே அழுத்தம் தாழ்கிறது, மூடியின் இடுக்குகள் அறைக் காற்றை வெளியே உறிஞ்ச, குறைவை ஈடுகட்ட வால்பகுதித் துளைகளிலிருந்தும் இறக்கையின் அடிப்பகுதியிலிருந்தும் காற்று முன்னோக்கி வருகிறது. குளிர்காலத்தில் விமானியின் பிடரியில் படும் சில்லிப்பு இவ்வாறு வருவதே. அக்காற்று எஞ்சின் புகைக்குழாய் வயிற்றுப்புறத்தில் விட்ட புகையையும் உடன் கொண்டுவரக்கூடும் என்பதால், இது சுகத்தைப் பற்றிய பிரச்சினை மட்டுமன்று. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற வாயு. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகக் குருதியின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்வது. தொழிற்சாலையில் சான்று பெற்று வரும் சிறு விமானங்களுக்கு அமெரிக்க விதி நெடுங்காலம் வகுத்திருந்த வரம்பு, 20,000 பங்கு காற்றில் ஒரு பங்கு. வீட்டில் கட்டிய விமானத்தை அவ்விதி கட்டுப்படுத்தாவிடினும், கட்டுபவர்கள் அதையே அளவுகோலாகக் கொள்வது நல்லது.

அழுத்தத்தை அறியப் பயன்படும் கருவி மிக எளியது. வண்ண நீர் ஊற்றிய ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயை ‘யு’ வடிவில் பலகையில் கட்டி, ஒரு முனையை அறைக்குள் திறந்துவிட்டு, மறுமுனையை வெளி அழுத்தத்தைக் கருவிகளுக்குத் தரும் குழாயோடு இணைக்கின்றனர். அறைப் பக்க நீர்மட்டம் மறுபக்கத்தைவிட உயர்ந்து நின்றால், அறை உறிஞ்சப்படுகிறது என்று பொருள். ஊகித்துத் துளையிடுவோர் பலர் இந்தக் குழாயின் செலவைக்கூடச் செய்வதில்லை என்பது வியப்புக்குரியது.

அளந்த பின் வேலை தையல்காரரின் வேலையாகிறது. வாலுக்குச் செல்லும் தள்ளுதண்டுகள் பின்தடுப்பைத் துளைத்துச் செல்லுமிடத்தில், மெல்லிய துணியைக் கூம்பாகத் தைத்து, அகன்ற வாயைத் தடுப்பிலும் குறுகிய வாயைத் தண்டிலும் இறுக்குகின்றனர். கட்டுப்பாட்டுக் கோலை நான்கு எல்லைகளுக்கும் தள்ளிப் பார்த்து, துணி எங்கும் இழுபடவில்லை என உறுதி செய்த பின்னரே இருக்கைத் தகடு மூடப்படுகிறது. வெளிவழிக்கான இடத்தை, புகைத்தடத்துக்கு விலகியும் அழுத்தம் தாழ்ந்தும் உள்ள பகுதியில் தேர்ந்து, முதலில் அட்டையாலும் நாடாவாலும் ஒட்டிய மாதிரியோடு பறந்து பார்ப்பவரே அனுபவசாலி. அலுமினியத் தகட்டில் வெட்டிய துளையைச் சுற்றி வலுவூட்டும் தகட்டைக் கிளீகோ எனும் தற்காலிகப் பிடிகளால் நிறுத்தி, மூலைகளை உருட்டி, பிசிறு நீக்கி, அதன் பிறகே ரிவெட் அடிக்கின்றனர். கூரிய மூலையிலிருந்து விரிசல் தொடங்கும் என்பதே காரணம்.

இவ்வேலையில் இறங்குவோர் புதிய குழல்களுக்கும் வாய்களுக்கும் பணம் ஒதுக்குமுன், எண்ணைக் காட்டும் கார்பன் மோனாக்சைடு மானி ஒன்றை வாங்கிப் பொருத்தி, ஏறும்போதும் கிடைமட்டமாகப் பறக்கும்போதும் இறங்கும்போதும் அது காட்டும் அளவுகளை, திருத்தத்துக்கு முன்பும் பின்பும் விமானப் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டும்.