பிடித்தலும் விடுதலும்

இறந்தவரின் உடலைக் குளிப்பாட்ட முனைவோர், நேரம் கடந்துவிட்டதாயின், முழங்கையை மடக்க இயலாது இடர்ப்படுவர். உயிர் பிரிந்த உடல் தளர்ந்து துவளவேண்டும் என்பதே பொது எண்ணம்; அது விறைத்து நிற்பதோ அதற்கு நேர்மாறானது. இவ்விறைப்பு உடல் குளிர்ந்ததால் வந்ததெனச் சொல்லி அமைவோர் பலர். உண்மை அதுவன்று. அதனை அறியத் தசையின் உள்ளே, கண்ணுக்குப் புலப்படாத இடத்திற்குச் செல்லுதல் வேண்டும்.

வன்கூட்டுத் தசையின் நாரொன்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்குவோர்க்கு முதலில் தெரிவன குறுக்குக் கோடுகளே. இருண்ட பட்டையும் வெளிறிய பட்டையும் மாறிமாறி, நெய்தெடுத்த துணியின் கரைபோல வரிசைப்பட்டிருக்கும். 17ஆம் நூற்றாண்டிலேயே லீவன்ஹூக் இக்கோடுகளைக் கண்டார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, தசை சுருங்கும்போது வெளிறிய பட்டை ஒடுங்க, இருண்ட பட்டை தன் அகலத்தை இழக்காது நிற்பதையும் ஆய்வாளர் சிலர் கண்டு எழுதிவைத்தனர். ஆயினும் அடுத்த தலைமுறை அதனை மறந்தது. உயிரிரசாயனம் வளர்ந்த காலம் அது. புரதங்களைக் குடுவையிற் பிரித்தெடுத்தோர்க்குக் கோடுகளை நோக்கும் வேலை பழங்காலத்ததாகத் தோன்றிற்று. புரத மூலக்கூறுகளே மடிந்து சுருள்வதால் தசை குறுகுகின்றது என்ற கருத்து நிலைபெற்றது. மறுக்கப்பட்ட உண்மைக்கு எதிரியாவது உண்டு. இதற்கு அதுவும் இருக்கவில்லை. படிப்பாரின்றியே மறைந்தது.

அதற்காக உயிரிரசாயனத்தைக் குறைகூறுதல் தகாது. 1940களின் தொடக்கத்திலே, போர் நடந்துகொண்டிருந்த வேளை, ஹங்கேரியின் செகெட் நகரிலே சென்ற்-கியோர்கியும் அவருடன் உழைத்த இலோனா பங்கா, ஸ்ட்ரௌப் ஆகியோரும், மயோசினோடு அக்தின் என்னும் இன்னொரு புரதமும் தசையில் உண்டென்பதையும், இரண்டும் சேர்ந்த இழை ஏ.ரீ.பி. எனப்படும் அடினோசீன் முப்பொசுபேற்றுப் பட்டதும் சுருங்குவதையும் காட்டினர். உயிரற்ற இழை கலத்திற்கு வெளியே அசைந்தது சிறிய செய்தியன்று. எனினும், இவ்விரு புரதங்களுள் எது எங்கே இருக்கின்றது என்ற வினா எஞ்சியது.

விடை, 1954 மே மாதம் 22ஆம் திகதி வெளியான 'நேச்சர்' இதழில் அடுத்தடுத்த இரு கட்டுரைகளாக வந்தது. ஒன்று அன்ட்ரூ ஹக்ஸ்லியும் றொல்வ் நீடர்கேர்கும் தவளையின் உயிருள்ள தனித் தசைநாரைக் கொண்டு எழுதியது. மற்றையது ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹன்சனும் முயலின் தசையிலிருந்து பிரித்த சிறுநார்களைக் கொண்டு எழுதியது. ஹக்ஸ்லி இருவரும் உறவினரல்லர். பெயரொற்றுமையால் மயங்குவோர் இன்றும் உளர். அம்மயக்கத்தினிடையே ஹன்சனின் பெயர் பின்தள்ளப்படுவதுதான் வருந்தத்தக்கது. மயோசினைக் கரைத்து நீக்கினால் இருண்ட பட்டையின் இருள் அகல்கின்றது என்பதை 1953இல் ஹியூவுடன் சேர்ந்து காட்டியவர் அவர். பட்டை எதனால் ஆனது என்பதற்கு அதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. 1973இல், தமது 53ஆவது வயதில் அவர் காலமானார்.

இரு குழுவினரும் கண்டது ஒன்றே: எந்த இழையும் குறுகுவதில்லை. தசைப்பாத்து எனப்படும் ஒவ்வோர் அலகும் ஏறத்தாழ 2.5 மைக்கிரோமீற்றர் நீளமுடையது. அதன் நடுவே 1.6 மைக்கிரோமீற்றர் நீளமான தடித்த மயோசின் இழைகள். இரு முனைகளிலுமிருந்து அவற்றினிடையே நுழைவன மெல்லிய அக்தின் இழைகள். ஒரு கையின் விரல்கள் மறுகையின் விரல்களிடையே புகுவதுபோல மெல்லிழைகள் உள்நோக்கி வழுக்குகின்றன. ஒரு பாத்திற் குறைவது அரை மைக்கிரோமீற்றர்தான் எனக் கொண்டாலும், 10 சென்ரிமீற்றர் நீளமான நாரிலே 40,000 பாத்துகள் தொடராக நிற்பதால், அந்நார் 2 சென்ரிமீற்றர் குறுகிவிடும். ஆயினும் ஐயுற்றோர் பலர். 1957இல் ஹியூ ஹக்ஸ்லி, இலத்திரன் நுணுக்குக்காட்டியிலே இருவகை இழைகளையும் அவற்றை இணைக்கும் குறுக்குப் பாலங்களையும் தெளிவுறக் காட்டிய பின்னரே எதிர்ப்பு மெல்லத் தணிந்தது.

அப்பாலங்களே மயோசினின் தலைகள். அவை அக்தினைப் பற்றி, சாய்ந்து, விட்டு, மீண்டும் சற்று அப்பாற் பற்றுகின்றன. தேர்வடம் இழுப்போர் ஒரே குரலுக்கு ஒருசேர இழுப்பர்; இத்தலைகளோ அவ்வாறன்று. ஒன்று விடும்போது மற்றொன்று பிடித்திருக்கும். ஆதலாலேயே இழை பின்வாங்குவதில்லை. நரம்பின் தூண்டல் வந்ததும் நாரினுள்ளேயிருக்கும் சிறுவலையிலிருந்து கல்சியம் அயன்கள் வெளிப்பட்டு, அக்தின்மீதுள்ள தடையை விலக்குகின்றன. தூண்டல் ஓய்ந்ததும் அவை சக்தி செலவிட்டு மீள உள்ளே ஏற்றப்படுகின்றன.

இவை யாவற்றினும் வியப்பிற்குரியது ஏ.ரீ.பி.யின் பங்கு. இழுப்பதற்கான சக்தியை அது தருகின்றது எனப் பாடநூல்கள் கூறும், தவறன்று. ஆனால் தலை அக்தினை விடவேண்டுமாயின், புதிய ஏ.ரீ.பி. மூலக்கூறொன்று அதனுடன் வந்து சேரவேண்டும். பிடித்தபடி இருப்பதற்கு எதுவும் வேண்டியதில்லை, விடுவதற்கே வேண்டும். மூச்சும் குருதியோட்டமும் நின்ற பின்னர், எஞ்சிய ஏ.ரீ.பி. சில மணி நேரத்தில் தீர்ந்துபோகின்றது. கசிந்த கல்சியத்தை மீள அடைப்பதற்கும் சக்தியில்லை. பற்றிய தலைகள் பற்றியபடியே நிற்கின்றன. புரதங்கள் சிதையத் தொடங்கி, ஓரிரு நாளில் அப்பிடி தளரும்வரை, குளிப்பாட்டுவோரின் கையிற் படும் விறைப்பு அதுவே.