பெடல் அடிக்கும் கார்: செம்பரம்பாக்கம் பட்டறைகளில் பழுது காணும் முறை

ஓடும் காரில் பிரேக்கை மிதிக்கும்போது பெடல் விட்டு விட்டுப் பாதத்தைத் திருப்பித் தள்ளினால், பிரேக் டிஸ்க்கின் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை என்பதே பெரும்பாலும் பொருள். டிஸ்க்கின் தடித்த பகுதி வரும்போது பேட் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. பேட்டுக்குப் பின்னால் உள்ள பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ள, அந்த அழுத்தம் மாஸ்டர் சிலிண்டர் வழியாகப் பெடலை எட்டுகிறது. வித்தியாசம் 0.02 மில்லிமீட்டரே இருந்தாலும் கால் அதை உணர்ந்துவிடும்.

சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில், பூந்தமல்லிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே இருக்கிறது செம்பரம்பாக்கம். தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் கார்களும் கன்டெய்னர் லாரிகளும் ஒரே சாலையில் ஓடுகின்றன. வேகமாக வந்து சட்டென்று நிறுத்த வேண்டிய ஓட்டம் இது. சூடேறிய டிஸ்க்கை அசையாமல் கவ்விக்கொண்டு வண்டி சிக்னலில் நிற்கும்போது, பேட்டின் பொருள் அந்த ஒரே இடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் நாள் கணக்கில் நிற்கும் காரில், பேட் மறைத்த பகுதிக்கும் வெளியே தெரியும் பகுதிக்கும் துரு வேறுவேறாகப் படிகிறது. இரண்டுமே பெடலை அடிக்க வைக்கும்.

பழுது காணும் வேலை கேள்வியில் தொடங்குகிறது. "அண்ணே, ஸ்டீயரிங்கும் சேர்ந்து ஆடுதா, சீட்டுல மட்டும் தெரியுதா?" என்று மெக்கானிக் டிரைவரிடம் கேட்பார். ஸ்டீயரிங் ஆடினால் சந்தேகம் முன்சக்கரத்தின் மீது. இருக்கையில் அதிர்வு தெரிந்தால் பின்சக்கரத்தின் மீது. அடுத்த கேள்வி, டயரோ பிரேக் பேட்டோ அண்மையில் மாற்றப்பட்டதா என்பது.

பிறகு சாலைச் சோதனை. டிஸ்க் கோளாறு என்றால் துடிப்பு சக்கரத்தின் சுற்றோடு ஒத்துப்போகும். சிறிய காரின் சக்கரம் 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 9 முறை சுற்றுகிறது. வேகம் பாதியானால் துடிப்பும் பாதியாகும். ஏபிஎஸ் வேலை செய்யும்போது வரும் படபடப்பு அப்படி வேகத்துக்கேற்பக் குறைவதில்லை. வழுக்கும் சாலையிலோ அழுத்தி மிதிக்கும்போதோ அது வருவது இயல்பு. காய்ந்த சாலையில், மெதுவாக மிதித்து நிற்கப் போகும் கடைசி நொடியில் வந்தால் சக்கர வேக சென்சாரையும் அதன் பல் வளையத்தையும் பார்க்க வேண்டும்.

பின்சக்கரங்களில் டிரம் பிரேக் உள்ள கார்களுக்கு ஹேண்ட்பிரேக் சோதனை உண்டு. ஆளில்லாத சாலையில், மெதுவான வேகத்தில், பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லீவரைச் சிறிது சிறிதாக இழுக்கின்றனர். அப்போது அதிர்வு வந்தால் டிரம் ஓவலாகிவிட்டது என முடிவுக்கு வரலாம்.

அதன் பின்னரே ஜாக்கி. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி வீல் பேரிங்கில் ஆட்டம் உண்டா எனப் பார்க்கிறார்கள். சக்கரத்தைக் கழற்றியதும், வீல் நட்டுகளை வாஷரோடு திரும்பப் பூட்டி டிஸ்க்கை ஹப்போடு இறுக்குகிறார்கள். காந்த ஸ்டாண்டில் நிற்கும் டயல் கேஜின் முனையை டிஸ்க்கின் வெளிவிளிம்புக்குச் சற்று உள்ளே வைத்து, கையால் ஒரு சுற்றுச் சுற்றினால் பக்கவாட்டு ஆட்டம், அதாவது ரன்-அவுட், தெரியும். 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. மைக்ரோமீட்டரால் எட்டு இடங்களில் தடிமன் அளப்பது அடுத்த வேலை.

இந்த இரு அளவுகளில் ஒன்று காரணம், மற்றது விளைவு. ரன்-அவுட் மட்டும் இருந்தால் பெடல் உடனே அடிப்பதில்லை. மிதிக்காதபோதும் டிஸ்க்கின் ஆடும் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேட்டை உரசுகிறது. சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் தேய்ந்து தடிமன் மாறுகிறது. டயர் மாற்றிச் சில மாதங்கள் கழித்துத் துடிப்பு தொடங்குவதும், அதற்கும் டயர் கடைக்கும் தொடர்பிருக்கும் என்று யாரும் எண்ணாததும் இதனால்தான். ஏர் கன்னால் நட்டுகளை ஒன்றுக்கொன்று ஏற்றத்தாழ்வாக முடுக்கினாலே டிஸ்க் சாய்ந்துவிடும்.

டிஸ்க்கை மட்டும் மாற்றுவது போதாமல் போவதும் இதே காரணத்தால். தொழிற்சாலை எவ்வளவு துல்லியமாகக் கடைந்து அனுப்பினாலும், துருப்பிடித்த ஹப்பில் மாட்டினால் அது வீண். ஹப்பின் விளிம்பில் ஒட்டியிருக்கும் 0.05 மில்லிமீட்டர் துருச்செதில், டிஸ்க்கின் வெளிவிளிம்பில் ஏறத்தாழ இரு மடங்கு ஆட்டமாகிறது. எனவே கம்பி பிரஷ்ஷும் எமரித் தாளும் கொண்டு ஹப்பின் முகத்தைப் பளிச்சென்று தேய்த்து, மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் ஆட்டம் குறையாவிட்டால், டிஸ்க்கை ஒரு துளை தள்ளி மாட்டிப் பார்ப்பதுண்டு. ஆட்டம் டிஸ்க்கோடு இடம் மாறினால் குற்றம் டிஸ்க்கில். அதே இடத்தில் நின்றால் ஹப்பில்.

தடிமன் போதுமானால் டிஸ்க்கை லேத்தில் கடையலாம். கடைந்த பின்னும், டிஸ்க்கில் பொறித்துள்ள குறைந்தபட்ச தடிமனுக்குக் கீழே போகக் கூடாது, போனால் புதியதுதான். இரு பக்க டிஸ்க்குகளையும் சேர்த்தே கடைவார்கள் அல்லது மாற்றுவார்கள். இறுதியில், நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சால், அந்த மாடலுக்குரிய அளவில் இறுக்க வேண்டும். பிறகு மிதமான வேகத்திலிருந்து முழுதாக நிறுத்தாமல், இடையிடையே ஆறவிட்டு, பலமுறை பிரேக் பிடித்தால் புதிய பேட் டிஸ்க்கில் ஒரே சீராகப் படியும்.