மடியில் ஒரு மூட்டை

ஈரத்தைப் பற்றிக் கட்டபெட்டுக்காரனுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் மேகம் வாசலில் நின்று உத்தரவு கேட்பதில்லை. நேரே சமையலறைக்குள் வந்துவிடும். ஜாடியில் உப்பு கசியும். தீப்பெட்டி நமுத்துப்போகும். வர்க்கியோ, டப்பாவைத் திறந்த மறுநாளே சவசவவென்று ஆகிவிடும்.

இந்த ஞானத்தோடுதான் 2014-ஆம் ஆண்டு நவம்பரில், அடுத்த வீட்டு நண்பருடன் தெங்குமரஹடாவுக்குப் புறப்பட்டேன். அவருடைய அத்தை அங்கே இருந்தார். கோடநாடு காட்சிமுனையில் நின்றால் காலடியில் தெரிகிற ஊர். கோத்தகிரி தாலுகாவைச் சேர்ந்ததுதான். 1948-ல் கூட்டுறவுப் பண்ணை அமைத்து விவசாயம் தொடங்கிய இடம். ஆனால் பஸ்ஸில் போக வேண்டுமானால் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, பவானிசாகர் வழியாகக் காட்டைச் சுற்றிப் போய், கடைசியில் மாயாற்றைப் பரிசலில் தாண்ட வேண்டும்.

நண்பர் தேயிலைத் தூளையும் வர்க்கியையும் பழைய பால்மாவு டப்பாக்களில் அடைத்து, மூடியின் விளிம்பைச் சுற்றி மெழுகுவத்தியை உருக்கி விட்டார். அத்தையின் ரத்த அழுத்த மாத்திரைகள், ஒரு மாதத்துக்கானவை, காகித உறைகளில் இருந்தன. "அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாங்கிக்கொண்டேன். ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டி, தோள்பையின் அடியில் பத்திரமாக வைத்தேன். என் நாவலின் கையெழுத்து நோட்டுக்கு மட்டும் இரண்டு பை, அதுவும் மேலே.

பரிசலில் தண்ணீர் விளிம்பைத் தாண்டித்தான் வரும் என்று நினைப்பவன் மலைக்காரன். மூங்கில் தப்பைகளைப் பின்னி, அடியில் விரிப்பு கட்டித் தார் பூசியிருக்கிறார்கள். முன்பெல்லாம் தோல். எங்கேயோ ஓர் இடுக்கில் கசியும், துடுப்பிலிருந்து சொட்டும், ஏறுகிறவர்கள் காலோடு கொண்டுவருவது வேறு. உருண்டையான அடிப்பாகத்தில் எல்லாம் நடுவில் வந்து தேங்கும். சாமான்களை வைப்பதும் அந்த நடுவில்தான்.

"பையை மடியில வச்சுக்குங்க சார்" என்றார் பரிசல்காரர். நான் முதலையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் பையைத் திறந்தபோது நோட்டு காய்ந்த சருகாக இருந்தது. பிளாஸ்டிக் பையின் மூலையில், சுண்டுவிரல் நுழையாத ஓர் ஓட்டை. மாத்திரைகள் உறையோடு கரைந்து சுண்ணாம்பாகியிருந்தன. அத்தையிடம் இருந்தவை முந்தின நாளே தீர்ந்துவிட்டதாம். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நனைஞ்சு வந்திருக்கே, முதல்ல டீயைக் குடி" என்று டம்ளரை நீட்டினார். அவர் கை லேசாக நடுங்கியது. அது முதுமையா, மாத்திரை இல்லாததா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

விடிந்ததும் நண்பர் சத்தியமங்கலத்துக்குப் போனார். நான் அத்தையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். நோட்டில் ஒரு வரி ஓடவில்லை. பொழுது சாயும் நேரத்தில் பரிசல் திரும்பியது. நண்பர் ஆற்றையும் பார்க்கவில்லை, கரையில் நின்ற என்னையும் பார்க்கவில்லை. மடியில் இருந்த டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.