கலர் படத்தை நம்பாதே, மெஷ்ஷைப் பார்!



ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிவ்யூ வந்தாலே வானவில் திருவிழாதான். சிவப்பு, மஞ்சள், நீலம்னு ஸ்லைடு ஸ்லைடா கான்டூர். "சுவர்கிட்ட எத்தனை செல் வெச்சிருக்கே?"ன்னு கேட்டா மட்டும் அமைதி. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

சாஃப்ட்வேர் ரொம்ப நல்ல பிள்ளை. மோசமான மெஷ் கொடுத்தாலும் அழகா ஒரு படம் போட்டுத் தந்துடும். "எனக்குத் தெரியலை"ன்னு சொல்லவே சொல்லாது. 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயில் ஸ்லைப்னர் ஏ என்ற எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம் கடலில் மூழ்கியது. அது திரவக் கணக்கு இல்லை, கட்டுமானக் கணக்கு. ஆனா வில்லன் ஒண்ணுதான்: முக்கியமான இடத்தில் சரியில்லாத மெஷ். வெட்டுத் தகைவை 47% குறைச்சுக் காட்டிடுச்சு. சுவர் தாங்கலை. நஷ்டம் சுமார் 70 கோடி டாலர்!

சரி, நம்ம பக்கம் வருவோம். 1 மில்லிமீட்டர் கம்பி, அதன் மேல் விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் காற்று. ரெனால்ட்ஸ் எண் சுமார் 100. கம்பிக்குப் பின்னாடி சுழல்கள் மேலே ஒண்ணு, கீழே ஒண்ணுன்னு மாறி மாறிக் கழன்று போகணும், விநாடிக்கு ஏறக்குறைய 250 சுற்று. இதையே பெரிய பெரிய செல்களோட, முதல் வரிசை அப்விண்ட் முறையில் ஓட்டிப் பாருங்க. சுழலே வராமல் போகலாம். கணக்கு தானாகச் சேர்க்கிற போலிப் பிசுபிசுப்பு அதை விழுங்கிடும். படமோ சமச்சீரா, கண்ணுல ஒத்திக்கிற மாதிரி இருக்கும். அழகா இருக்கு, ஆனா தப்பு!

என் சிபாரிசுகள்:

1. செல்களைச் சரிசமமா பங்கு போடாதீங்க. கம்பியின் மேற்பரப்பு, பின்னாடி வர்ற சுழல் பாதை, இங்கே நெருக்கமா. தூரத்தில் தாராளமா.

2. பக்கத்துப் பக்கத்துச் செல் அளவு திடீர்னு மாறக்கூடாது. சுவரிலிருந்து விலகும்போது 1.2 மடங்கு வளர்ச்சி நல்லது.

3. கொந்தளிப்பு ஓட்டம்னா ஒய் பிளஸ் பாருங்க. சுவர் வரைக்கும் கணக்குப் போடுற மாடலுக்கு 1 பக்கத்தில். வழக்கமான சுவர்ச் சார்பு போட்டால் 30க்கு மேல்.

4. ஓப்பன்ஃபோம் ஆட்கள் ரன் போடும் முன்னாடி செக்மெஷ் ஓட்டுங்க. செங்குத்துப் பிசகு 70 டிகிரி தாண்டினா எச்சரிக்கும். அதே சமயம், "மெஷ் ஓகே"ன்னு வந்தா செல்களோட வடிவம் ஓகேன்னுதான் அர்த்தம். உங்க கேள்விக்குப் போதுமான்னு அதுக்குத் தெரியாது.

5. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி மூணு மெஷ். ஒவ்வொண்ணிலும் செல் நீளத்தைப் பாதியாக்குங்க. இழுவிசைக் குணகம் மாறிக்கிட்டே இருந்தா உங்களுக்கு இன்னும் பதில் கிடைக்கலை.

6. பாராவியூவில் முதலில் செல் மதிப்பை மெஷ் கோடுகளோட பாருங்க. முனைகளுக்கு மாற்றி வழவழப்பாக்கின படம் செல்களோட படிக்கட்டை மறைச்சிடும்.

7. ரெண்டு படத்தை ஒப்பிடணும்னா ஒரே வண்ண அளவுகோல். ஆட்டோவில் விட்டால் ஒரே சிவப்புக்கு ரெண்டு அர்த்தம் வந்துடும். வானவில் நிறங்கள் வேண்டாம். மஞ்சள் பட்டை இல்லாத எல்லையை இருக்கிற மாதிரி காட்டும்.

8. கான்டூரோட நிறுத்தாதீங்க. பின்பக்கம் குறுக்கே ஒரு கோடு வரைந்து, அதன் மேல் வேகத்தை கிராஃப் போடுங்க. மூணு மெஷ்ஷின் வளைவும் ஒண்ணு மேல ஒண்ணு உட்காருதா? அப்போ தைரியமா ஸ்லைடில் போடலாம்.

ரிவ்யூவில் ரெண்டு மார்க் போனால் அழுதுட்டு மறந்துடலாம். நாளைக்கு வேலையில் ஒரு பாலமோ குழாயோ நம்ம படத்தை நம்பி நிற்கும். அதுக்கு கலர் தெரியாது, கணக்கு மட்டும்தான் தெரியும்.